பன்றி தின்னாதவர் தீட்டு: ஸ்பெயின் விருந்து வைக்கப்போகும் தோழர்களுக்கு

ஸ்பெயின் உணவுத் திருவிழா என்று பெருநகர விடுதிகளும் காபிக் கடைகளும் இப்போது அடிக்கடி விளம்பரம் செய்கின்றன. விளம்பரத்தில் ஒரு காளை இருக்கும். புள்ளிப் பாவாடை சுழற்றி ஆடும் ஒரு பெண் இருப்பாள். மஞ்சள் சோறு நிறைந்த அகலமான தட்டையும், மெல்லிசாகச் சீவி அடுக்கிய பன்றித்தொடைக் கறியையும் காட்டுவார்கள். சில இடங்களில் பெரிய வைக்கோல் தொப்பியும் டாக்கோவும்கூட வந்துவிடுகின்றன. அவை மெக்சிகோவைச் சேர்ந்தவை. ஸ்பெயின் 300 ஆண்டுகள் அடிமைப்படுத்தி வைத்திருந்த நாட்டின் உணவை ஸ்பெயின் பெயரிலேயே பரிமாறுகிறார்கள். வெள்ளைக்காரன் விருந்து என்று பலகை வைத்துவிட்டுக் கேழ்வரகுக் களி போடுவது போன்றது இது.

விருந்து வைப்பதில் நமக்கு மறுப்பு எதுவும் இல்லை. உலகத்தின் எந்த மூலைச் சமையலையும் சமைத்துப் பார்க்கும் உரிமை நமக்கும் உண்டு. சிறு உணவகம் நடத்தும் தோழர்களும், வாடகை அறையில் நான்கு நண்பர்களைக் கூப்பிட்டுச் சமைக்கும் மாணவர்களும் தாராளமாக ஸ்பெயின் விருந்து வைக்கலாம். ஆனால் அந்த மேசையில் வரும் ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. சாதியோடு வாழ்ந்து பழகிய நமக்கு அது நன்றாகவே புரியும். விடுதிக்காரர்கள் அதைச் சொல்லமாட்டார்கள். அதனால் நாம் சொல்லிவிடுகிறோம்.

முதலில் அந்தப் பன்றித்தொடை. ஹமோன் என்று பெயர். உப்பில் புதைத்து, காற்றில் மாதக்கணக்காக உலரவிட்டுச் செய்வது. நம் பேச்சில் சொன்னால் பன்றிக்கறி உப்புக்கண்டம். நம் பாட்டிகள் மாட்டுக்கறியைக் கீற்றுக் கீற்றாக அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் காயப்போட்டார்களே, அதே நுட்பம்தான். சேரியில் கொடியில் காய்ந்தால் அது அருவருப்பு. நட்சத்திர விடுதியில் மரத் தாங்கியில் நின்றால் அது நாகரிகம். இதை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். நாம் அதிகம் பேசாத கதை வேறொன்று. ஸ்பெயினில் இந்தப் பன்றிக்கறி பல நூற்றாண்டுகள் ஒரு சோதனைக் கருவியாக இருந்தது. ஒருவர் 'சுத்தமான' பிறப்பா இல்லையா என்று பார்க்க ஊர் கையிலெடுத்த கருவி.

இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் தீபகற்பத்துக்குள் கி.பி. 711இல் முஸ்லிம் படைகள் வந்தன. அடுத்த சில நூற்றாண்டுகளில் அங்கே முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஒரே நகரங்களில் வாழ்ந்தார்கள். அதை ஒரு பொற்காலமாக வருணிப்பவர்கள் உண்டு. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, அங்கேயும் மேல் கீழ் இருந்தது. ஆனாலும் ஸ்பெயினின் அடுக்களை அந்தக் காலத்தில்தான் உருவானது. ஸ்பானிய மொழியே அதற்குச் சாட்சி. அரிசிக்கு அர்ரோஸ், சர்க்கரைக்கு அசூக்கார், எண்ணெய்க்கு அசெய்த்தே, குங்குமப்பூவுக்கு அசஃப்ரான், கத்திரிக்காய்க்கு பெரென்ஹேனா, வயலுக்குப் போகும் வாய்க்காலுக்கு அசேக்கியா. எல்லாமே அரபு மொழி வழியாக வந்த சொற்கள். ஆரஞ்சைக் குறிக்கும் நரன்ஹா என்ற சொல் அரபு, பாரசீகம், வடமொழி என்று பின்னோக்கிப் போய், நம் நாரத்தையோடு உறவுடைய ஒரு திராவிடச் சொல்லில் போய் முடிகிறது என்று சொல்லறிஞர் பலர் கருதுகிறார்கள்.

1391ஆம் ஆண்டு ஜூன் மாதம் செவில் நகரத்து யூதர் குடியிருப்பைக் கும்பல் ஒன்று தாக்கியது. அந்த வெறி நகரம் நகரமாகப் பரவியது. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். உயிருக்குப் பயந்து இன்னும் பல ஆயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். மதம் மாறிய இவர்களுக்கு கொன்வெர்சோக்கள் என்று பெயர். மாறிவிட்டார்கள், பிரச்சினை முடிந்தது என்றுதானே நினைப்போம்? பிரச்சினையே அங்கேதான் ஆரம்பித்தது. மாறியவர்கள் படித்தார்கள், வணிகம் செய்தார்கள், நகர மன்றங்களில் பதவிக்கு வந்தார்கள். 'பழைய கிறிஸ்தவர்' என்று தம்மை அழைத்துக்கொண்டவர்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

1449இல் தொலேதோ நகரில் ஒரு வரி எதிர்ப்புக் கலகம் வெடித்தது. அதற்குத் தலைமை தாங்கிய பேரோ சர்மியெந்தோ அப்போது ஒரு சட்டம் கொண்டுவந்தார். யூதப் பிறப்புள்ள கிறிஸ்தவர் எவரும் நகரத்தில் எந்தப் பதவியும் வகிக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். அவர் எத்தனை தலைமுறைக்கு முன் மதம் மாறியவர் என்பது பொருட்டல்ல. அவர் தேவாலயத்துக்குப் போகிறாரா என்பதும் பொருட்டல்ல. இரத்தம்தான் கணக்கு. இந்தக் கொள்கைக்கு 'லிம்பியேசா தெ சாங்ரே' என்று பெயர் வந்தது. இரத்தத் தூய்மை என்று பொருள். ஞானஸ்நானம் பெற்றவர்களிடையே வேறுபாடு காட்டக் கூடாது என்று அதே ஆண்டில் போப் ஐந்தாம் நிக்கோலஸ் கண்டித்தார். யார் கேட்டது? கல்லூரிகள், துறவியர் சபைகள், தொழிற் சங்கங்கள் என்று ஒவ்வொன்றாக இரத்தச் சான்று கேட்கத் தொடங்கின. 1547இல் தொலேதோ பேராலயமே அதைச் சட்டமாக்கியது. ஒருவர் பதவிக்கு விண்ணப்பித்தால், அவருடைய பாட்டன் பாட்டிகள் பிறந்த ஊர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பி, அங்குள்ள கிழவர்களிடம் "இவர்கள் என்ன ஆட்கள்?" என்று விசாரிப்பார்கள். புதிய ஊருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் "சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு?" என்று நைசாகக் கேட்கிறார்களே, அதையே அங்கே எழுத்தர் வைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு செய்தார்கள்.

அந்தப் பேராலயச் சட்டத்தைக் கொண்டுவந்த பேராயர் சிலிசேயோ பெரிய பிரபு வீட்டுப் பிள்ளை அல்ல, ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தவர். செல்வமும் கல்வியும் பெற்ற கொன்வெர்சோவுக்கு மேலாக நிற்க ஏழை உழவனுக்குக் கையில் இருந்த ஒரே சொத்து 'பழைய' இரத்தம். புரட்சியாளர் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை இந்தப் பேராயரிடம் கண்ணால் பார்க்கலாம். கூலிக்காரனாக இருந்தாலும் தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பு எவ்வளவு இனிக்கும் என்பதை நம் ஊர்த் தெருக்களில் நாம் அன்றாடம் பார்க்கிறோம்.

இரத்தத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் அடுப்பைப் பார்த்தார்கள். 1478இல் போப்பின் ஒப்புதலோடு ஸ்பெயின் அரசர்கள் இன்குவிசிஷன் என்னும் மத விசாரணை மன்றத்தை அமைத்தார்கள். 1481இல் செவிலில் முதல் எரிப்பு நடந்தது. மன்றத்தின் ஆணைகள் தேவாலயங்களில் உரக்க வாசிக்கப்பட்டன. எந்தெந்தப் பழக்கங்களைக் கண்டால் வந்து சொல்ல வேண்டும் என்ற பட்டியல் அவற்றில் இருந்தது. பன்றிக்கறி தின்ன மறுப்பது. கறியை உப்பிட்டு இரத்தத்தை வடியவிட்டுக் கழுவுவது. கறியிலிருந்து கொழுப்பை நீக்குவது. சனிக்கிழமை அடுப்பு மூட்டாமல் இருக்க வெள்ளிக்கிழமையே சமைத்து வைப்பது. பன்றிக் கொழுப்புக்குப் பதிலாக எண்ணெயில் தாளிப்பது.

ஆம், எண்ணெய்தான். இன்று ஸ்பெயின் விருந்து என்றாலே முதலில் வாங்கச் சொல்லும் அதே ஆலிவ் எண்ணெய். அந்தக் காலத்து வரலாற்றைப் பதிவு செய்த ஆந்திரேஸ் பெர்னால்தெஸ் என்ற பாதிரியார், கொன்வெர்சோக்கள் பன்றிக் கொழுப்பை விட்டுவிட்டு எண்ணெயில் கறியையும் வெங்காயத்தையும் பூண்டையும் சமைப்பதால் அவர்கள் வாயும் வீடும் நாறுகின்றன என்று எழுதிவைத்திருக்கிறார். வாடகைக்கு வீடு தேடிப் போய் "நீங்கள் என்ன சமைப்பீர்கள்? வாசனை மேல் மாடிக்கு வரும்" என்ற பேச்சைக் கேட்டுத் திரும்பிய தோழர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பாதிரியாரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

சாட்சி சொன்னவர்களில் பலர் அந்தந்த வீட்டில் வேலை செய்த பெண்கள். பானைக்குள் என்ன வெந்தது, எப்போது அடுப்பில் ஏறியது, யார் தொட்டார்கள், யார் தொடவில்லை என்று அவர்களிடம் கேட்டு எழுதினார்கள். அந்த எழுத்துகள் இன்றும் ஆவணக் காப்பகங்களில் கிடக்கின்றன. டேவிட் கிட்லிட்ஸும் லிண்டா கே டேவிட்சனும் அந்தச் சாட்சியங்களிலிருந்து சமையல் குறிப்புகளையே மீட்டெடுத்து 1999இல் 'எ ட்ரிசில் ஆஃப் ஹனி' என்ற நூலாக வெளியிட்டார்கள். மன்றத்தில் குற்றச்சாட்டாகப் பதிவான குறிப்புகள் அவை. கிடைத்தால் படியுங்கள். அதில் வரும் முக்கியமான பண்டம் அதஃபினா. கொண்டைக்கடலை, வெங்காயம், கறி எல்லாம் போட்டு வெள்ளி மாலை தணலில் வைத்து, சனிக்கிழமை வரை மெல்ல வேகவிடும் குழம்பு. இன்று மாட்ரிட் நகரத்தின் பெருமையாகச் சொல்லப்படும் கொசீதோ என்ற கொண்டைக்கடலைக் கறிக்குழம்பு இந்த அதஃபினாவின் வழியில் வந்தது என்று உணவு வரலாற்றாளர் பலர் கருதுகிறார்கள். ஒரு மாற்றம் மட்டும் உண்டு. கொசீதோவில் பன்றிக்கறியும் பன்றிக் கொழுப்பும் தவறாமல் மிதக்கும். பானை மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டுமல்லவா?

இந்தப் பயம் இலக்கியத்திலும் இருக்கிறது. செர்வாந்தெஸின் 'தோன் கிஹோத்தே' நாவலில் தல்சினேயா என்ற கனவு நாயகியைப் பற்றி ஓரிடத்தில் ஒரு கேலி வருகிறது. பன்றிக்கறிக்கு உப்புப் போடுவதில் அந்த வட்டாரத்திலேயே அவளைப்போல் கைராசிக்காரி இல்லையாம். நகைச்சுவை என்று சிரித்துவிட்டுப் போகலாம். அந்தக் காலத்து வாசகருக்கு அதிலிருந்த குத்தல் விளங்கியிருக்கும். 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில், நாடு கடத்தப்பட்ட முஸ்லிம் வழி வந்த ரிக்கோத்தே என்பவன் மாறுவேடத்தில் ஊருக்குத் திரும்பி வருகிறான். அவனும் கூட வந்தவர்களும் புல்லில் உட்கார்ந்து கடைவிரிக்கும் சாப்பாட்டில் சதை தீர்ந்த பன்றித்தொடை எலும்புகள் இருக்கின்றன. கடிக்க ஒன்றும் இல்லை, சப்பலாம். பக்கத்தில் மதுவும் இருக்கிறது.

இங்கே மாட்டையும் பன்றியையும் தின்பவர் தீட்டு. அங்கே பன்றியைத் தின்னாதவர் தீட்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தோழர்களே. கறியின் குணத்தில் தீட்டு இருந்திருந்தால் ஒரே பன்றி இரண்டு நாடுகளில் இரண்டு வேலை பார்த்திருக்காது. 1948இல் வெளியான தீண்டப்படாதோர் பற்றிய நூலில் அண்ணல் அம்பேத்கர் மாட்டுக்கறியையும் தீண்டாமையையும் இணைத்து ஆராய்ந்தார். முன்பு எல்லாரும் தின்ற ஒன்றைப் பார்ப்பனர் எப்போது, எந்த லாபத்துக்காகக் கைவிட்டார்கள், கைவிடாதவர்கள் எப்படிக் கீழே தள்ளப்பட்டார்கள் என்றே அவர் கேட்டார். தட்டிலிருக்கும் பொருளை விட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்பவரைப் பார்க்கச் சொல்லும் கேள்வி அது. ஸ்பெயினுக்கும் அதே கேள்விதான் பொருந்தும்.

அடுத்து ஒரு கசப்பான விஷயம். பன்றி தின்று காட்டியவர்களை விட்டுவிட்டார்களா? இல்லை. மயோர்க்கா தீவில் ஷுவேத்தா என்றழைக்கப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. யூதராக இருந்து மதம் மாறியவர்களின் வழிவந்தவர்கள். பதினைந்து குடும்பப் பெயர்களை வைத்தே ஊர் அவர்களை அடையாளம் கண்டது. பல தலைமுறை கத்தோலிக்கர்களாக வாழ்ந்த பிறகும், எல்லாரையும்போல் எல்லாம் தின்ற பிறகும், மற்றவர்கள் அவர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டிலும் இது தொடர்ந்தது. விடுதியில் மாட்டுக்கறி தின்பதை மறைக்கும் நம் மாணவர்களையும், 'நாங்கள் இப்போது சைவம்' என்று சொல்லி அங்கீகாரம் தேடும் நம் குடும்பங்களையும் நினைத்துக்கொண்டே இந்தக் கதையைச் சொல்கிறோம். உணவை மாற்றிக்கொண்டால் விட்டுவிடுவார்கள் என்பது 500 ஆண்டுகளுக்கு முன்பே ஸ்பெயினில் பொய்யாகிப்போனது. 1449இல் வந்த சட்டமே ஏற்கெனவே மாறிவிட்டவர்களுக்கு எதிரானதுதானே!

'கஸ்தா' என்ற சொல்லையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விலங்கின் இனத்தையும் மனிதரின் குலத்தையும் குறிக்க ஸ்பானியரும் போர்ச்சுகீசியரும் வைத்திருந்த சொல் அது. 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த போர்ச்சுகீசியர் இங்கிருந்த சாதியைப் பார்த்து அதே சொல்லால் அழைத்தார்கள். ஆங்கிலத்தின் 'காஸ்ட்' அதிலிருந்து வந்தது. சாதியை வெள்ளைக்காரன்தான் கொண்டுவந்தான் என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவர்கள் இந்தச் சொல் வரலாற்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வந்தது பெயர் மட்டுமே. இரத்தத் தூய்மையை ஊரில் பழகிவிட்டு வந்தவன் இங்கே பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான். அந்தச் சொல் கடலின் மறுபக்கமும் போனது. ஸ்பெயின் ஆண்ட மெக்சிகோவில் 18ஆம் நூற்றாண்டில் 'கஸ்தா' ஓவியங்கள் என்று ஒரு வகையே வளர்ந்தது. எந்த இனத்து ஆணும் எந்த இனத்துப் பெண்ணும் சேர்ந்தால் பிறக்கும் குழந்தைக்கு என்ன பெயர் என்று கட்டம் கட்டி வரைந்த படங்கள். லூயிஸ் தெ மேனா 1750 வாக்கில் வரைந்த ஒன்று மாட்ரிட் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் வரிசை வரிசையாக மனிதர்கள், கீழே வகை வகையாகப் பழங்கள். மனுவுக்குத் தூரிகை கிடைத்திருந்தால் இப்படித்தான் வரைந்திருப்பார்.

அந்த நாடுகளிலிருந்து வந்தவைதான் இன்றைய ஸ்பெயின் மேசையின் பாதி. தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், மக்காச்சோளம், சாக்லேட் எல்லாம் அமெரிக்கப் பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பயிரிட்டு வளர்த்தவை. உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் சுடும் தோர்த்தியா என்ற தடித்த அடையை ஆண்டிஸ் மலை மக்கள் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. எனவே விருந்துக்கு அக்டோபர் 12ஆம் தேதியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கொலம்பஸ் அமெரிக்கக் கரையில் இறங்கிய அந்த நாள்தான் ஸ்பெயினின் தேசிய நாள். லத்தீன் அமெரிக்காவின் பழங்குடி இயக்கங்கள் அதை எதிர்ப்பு நாளாக நினைவுகூர்கின்றன. ஒரு நாள் வேண்டுமென்றால் செப்டம்பர் 20 இருக்கிறது, உலக பயேயா நாள்.

இனி பயேயாவுக்கு வருவோம். எங்களுக்குப் பிடித்த பகுதியும் இதுதான். வலென்சியா நகருக்குத் தெற்கே அல்புஃபேரா என்ற ஏரி இருக்கிறது. அதைச் சுற்றி நெல் வயல்கள். அரபு ஆட்சிக் காலத்தில் வளர்ந்த வாய்க்கால்களும் நீர்ப் பங்கீட்டு முறையும் இன்றும் அந்த வட்டாரத்தில் வாழ்கின்றன. ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலில் வலென்சியாப் பேராலய வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. பாசனக்காரர்கள் தேர்ந்தெடுத்த நடுவர்கள் வாய்மொழியாகவே வழக்கைத் தீர்க்கிறார்கள். 2009இல் யுனெஸ்கோ அதை மரபுச் சொத்தாக அறிவித்தது. ஆனால் அந்த வயல்களை உழுத முஸ்லிம் மக்கள் எங்கே? 1520களில் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டு மொரிஸ்கோக்கள் என்று பெயர் பெற்றார்கள். கூஸ்கூஸ் தின்றதும், தரையில் உட்கார்ந்து தின்றதும், மதுவைத் தொடாததும் அவர்கள்மீது குற்றமாக எழுதப்பட்டன. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று லட்சம் பேரைக் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். வலென்சியாவின் மக்கள்தொகையில் கால் பங்குக்கு மேல் காலியானது. ஊர் ஊராக நிலம் தரிசானது. வாய்க்காலை வைத்துக்கொண்டு வாய்க்கால் வெட்டியவனைத் துரத்திய கதை.

பயேயா என்பது அந்தத் தட்டையான இரும்புப் பாத்திரத்தின் பெயர். வயல் வேலைக்காரர்கள் மதியத்தில் வரப்போரத்தில் விறகு மூட்டி, கையில் கிடைத்ததைப் போட்டு ஆக்கிய சோறு. விடுதிகளில் இறாலும் சிப்பியும் அடுக்கித் தருவது பின்னால் வந்த கடற்கரைப் பழக்கம். வலென்சியாக்காரர்கள் அசல் என்று சண்டை போடும் பயேயாவில் கோழி, முயல், அவரை, மொச்சை போன்ற வெள்ளைப் பயறு, தக்காளி, குங்குமப்பூ, அரிசி இருக்கும். பருவத்தில் நத்தையும் சேரும். அல்புஃபேரா வயல்களில் பிடித்த நீரெலியும் ஒரு காலத்தில் அதில் வெந்தது. விசென்தே பிளாஸ்கோ இபானியெஸ் 1902இல் எழுதிய 'கான்யாஸ் இ பார்ரோ' நாவலில் அந்த எலிக்கறியைப் பார்க்கலாம். வயல் நத்தை, வயல் எலி! தஞ்சை, நாகை வயல்களில் அறுப்பு முடிந்ததும் வளை தோண்டி எலி பிடித்த நம் மக்களையும் இருளர்களையும் எந்தப் பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே அதே சோறு ஒரு நாட்டின் அடையாளமாகி விமானம் ஏறி வந்து நம் ஊர் விடுதியில் விலை போகிறது.

கஸ்பாச்சோவும் கூலிக்காரர் உணவுதான். தக்காளி வருவதற்கு முன்பே இருந்தது. காய்ந்த ரொட்டி, பூண்டு, எண்ணெய், வினிகர், தண்ணீர், உப்பு. மரச்சட்டியில் இடித்துக் கரைத்து வெயிலுக்குக் குடிப்பது. நமக்கு நீராகாரம் எப்படியோ அப்படி. அந்தலூசியாவின் பெரும் பண்ணைகளில் நிலமில்லாத கூலிகள் விடியற்காலையில் ஊர்ச் சதுக்கத்தில் வந்து நிற்பார்கள். மேஸ்திரி கை காட்டியவர்களுக்கு அன்றைக்கு வேலை, மற்றவர்களுக்குப் பட்டினி. 1933 ஜனவரியில் காதிஸ் மாகாணத்தின் காசாஸ் வியேஹாஸ் கிராமத்தில் அந்தக் கூலிகள் கிளர்ந்தார்கள். காவல் படையினர் 'ஆறு விரல்காரர்' என்றழைக்கப்பட்ட ஒரு முதியவரின் குடிசையைச் சூழ்ந்து, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே தீ வைத்தார்கள். பிறகு ஊரில் கிடைத்த ஆண்களை இழுத்துவந்து சுட்டார்கள். அப்போது ஸ்பெயினில் நடந்தது மன்னராட்சி அல்ல, இடதுசாரிகளும் பங்கேற்ற குடியரசு. வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு குடிசைக்குள் எரிந்த 44 பேரைத் தெரிந்தவர்கள், கஸ்பாச்சோ ஊற்றும்போது இந்த ஊர்ப் பெயரையும் ஒருமுறை சொல்லலாம்.

அந்த மண்ணில் வென்ற கதையும் உண்டு. செவில் மாகாணத்தில் மரினலேதா என்று ஒரு சிற்றூர். 1976இல் உருவான விவசாயத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, அவ்வூர்க் கூலிகள் ஒரு பிரபுவின் பண்ணையை ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்ப ஆக்கிரமித்தார்கள். விரட்டினால் மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். 1991இல் 1,200 ஹெக்டேர் நிலம் ஊரின் கைக்கு வந்தது. ஆலிவும் மிளகாயும் கூனைப்பூவும் கூட்டுறவில் விளைவிக்கிறார்கள். பஞ்சமி நிலம் கேட்டு மனுவோடு நடக்கும் தோழர்கள் இந்த ஊரைப் பற்றித் தேடிப் படிக்க வேண்டும். அதே அந்தலூசியாவின் அல்மேரியாவில் கதை வேறு. பிளாஸ்டிக் கூடாரங்களுக்கு அடியில் ஐரோப்பாவுக்கே காய்கறி விளைகிறது. உள்ளே வேர்வை சிந்துபவர்கள் மொராக்கோவிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். 2000 பிப்ரவரியில் அங்கே எல் எஹீதோ ஊரில் மொராக்கோ மக்களின் கடைகளையும் குடியிருப்புகளையும் கும்பல்கள் நாள் கணக்கில் சூறையாடின.

விருந்தை அலங்கரிப்பது பற்றி ஒரு சொல். புள்ளிப் பாவாடைப் பெண்ணின் படத்தை மாட்டுவதென்றால், ஃபிளமெங்கோவை வளர்த்தெடுத்ததில் முதன்மையானவர்கள் ஹித்தானோக்கள் என்னும் ஸ்பெயின் ரோமா மக்கள் என்பதையும் எழுதி மாட்டுங்கள். அவர்கள் மொழியின் வேர் வட இந்தியாவில் இருக்கிறது. 1749 ஜூலை 30 அன்று அரசு ஒரே நேரத்தில் நாடு முழுவதும் அவர்களை வளைத்துப் பிடித்து, ஆண்களைத் தனியாகவும் பெண்களையும் குழந்தைகளையும் தனியாகவும் அடைத்தது. பறையை மேடையில் ரசித்துவிட்டுப் பறையரைத் தெருவில் நிறுத்துபவர்களைக் கண்ட நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பட்டியலை இப்படிப் போடலாம். தொடக்கத்தில் கஸ்பாச்சோ. நன்கு பழுத்த தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய், பூண்டு, முந்தின நாள் ரொட்டி எல்லாவற்றையும் அரைத்து, எண்ணெயும் வினிகரும் உப்பும் சேர்த்துக் குளிர வையுங்கள். மிக்ஸி போதும். அடுத்து செவில் பக்கத்துக் கொண்டைக்கடலைக் கீரை. பூண்டும் சீரகமும் மணக்க எண்ணெயில் வதக்கினால் நம் வீட்டுச் சமையலுக்கு வெகு தூரத்தில் இல்லை. கத்திரிக்காயை மெல்லிசாக நறுக்கி மாவில் புரட்டிப் பொரித்து மேலே தேன் ஊற்றுங்கள். தோர்த்தியாவை வாணலி அளவுக்கே சுட்டுத் துண்டு போடுங்கள். ஆலிவ் எண்ணெய் விலை கட்டுப்படியாகாவிட்டால் கடைசியில் மேலே ஊற்ற மட்டும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். சமைக்கக் கடலெண்ணெய் போதும்.

ஹமோன் வைப்பதா? காசு இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் உள்ளூர்ப் பன்றிக்கறிக் கடையில் வாங்கி மிளகு போட்டு வறுத்து வையுங்கள், பக்கத்திலேயே மாட்டுக்கறியும் இருக்கட்டும். பன்றி தின்னாத இஸ்லாமியத் தோழர் வந்தால் அவருக்குத் தனிப் பாத்திரமும் தனிக் கரண்டியும் முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். யார் எதைத் தின்கிறார், யார் எதைத் தொடவில்லை என்று நம் விருந்தில் எவரும் எட்டிப் பார்க்கக் கூடாது. உணவகத்தில் வைப்பதென்றால் எந்தக் கறி எதில் இருக்கிறது என்பதைப் பலகையில் வெளிப்படையாக எழுதுங்கள், மாட்டுக்கறியையும் மறைக்காமல். 2022 மே மாதம் ஆம்பூரில் அறிவிக்கப்பட்ட பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடம் இல்லை என்றதும், எதிர்ப்புக் கிளம்பியதும், ஆணையம் விளக்கம் கேட்டதும், மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிப்போனதும் நினைவிருக்கும். 2012இல் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திலும் 2017இல் சென்னை ஐஐடியிலும் மாட்டுக்கறி விருந்து நடத்திய மாணவர்கள் அடி வாங்கினார்கள். அதனால் இடம் தருபவரிடம் முதலிலேயே பேசி, முடிந்தால் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயேயாவை மதியத்தில் வையுங்கள். இரவு உணவாக அதைத் தின்பதை வலென்சியாவில் கேலி செய்வார்கள். குண்டு அரிசி எடுத்துக்கொள்ளுங்கள், பாசுமதி வேண்டாம். அரிசியைக் கொட்டிப் பரப்பிய பிறகு கிளறக் கூடாது. தட்டில் பரிமாறாமல் பாத்திரத்தையே நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு மரக்கரண்டியால் அவரவர் முன்னால் இருக்கும் பங்கைத் தின்பது பழைய வழக்கம். ஒரே பாத்திரத்தில் கைவைத்தால் சாதி ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. சேர்ந்துண்பது மட்டும் போதாது என்று 1936லேயே அண்ணல் எழுதிவிட்டார். பசிக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் காந்தலுக்கு அங்கே சொக்கர்ராத் என்று பெயர். அதற்குத்தான் கடைசியில் போட்டி நடக்கும். சுரண்ட ஒரு கரண்டியைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.